பீட்டர்ஸ்பர்க்கின் பாலாடைக்கட்டி

ரஷ்ய நாவல்களைத் தமிழில் படித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு சொல் நன்றாகப் பழகியிருக்கும்: பாலாடைக்கட்டி. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் கெட்டி அட்டையில் அச்சிட்டு அனுப்பிய புத்தகங்களில் யாராவது ஒருவர் கறுப்பு ரொட்டியோடு அதைத் தின்றுகொண்டிருப்பார். பதினைந்து வயதில் நான் அதைப் பால்கோவா மாதிரி ஏதோ இனிப்பு என்றே நினைத்திருந்தேன். இத்தனைக்கும் அந்தப் புத்தகங்களில் பாதியை மாமாக் கடையில் உட்கார்ந்து, ரொட்டி சானாய் சீஸைப் பிய்த்துத் தின்றபடிதான் படித்தேன். தட்டில் இருப்பதும் பக்கத்தில் இருப்பதும் ஒன்றுதான் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

2019 செப்டம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போனேன். மலேசியக் கடப்பிதழுக்கு 30 நாள் விசா வேண்டாம். சித்தி மகள் ரஷ்யாவில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் ரயில் ஏறி அங்கே வந்து சேர்ந்தாள். நான் பார்க்க நினைத்தது தஸ்தயேவ்ஸ்கியின் சந்துகளை. ஆனால் நான்கு நாளும் சாப்பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பசிதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். ஊர் திரும்பிப் படிக்கப் படிக்கத்தான் அந்த ஊரின் வரலாற்றைச் சாப்பாட்டு மேசை வழியாகவே சொல்லிவிடலாம் என்று பட்டது. யார் சாப்பிட்டார்கள், யார் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்ற கணக்கும் அதிலேயே வந்துவிடுகிறது.

சதுப்பு நிலத்தில் 1703இல் மகா பீட்டர் எழுப்பிய ஊர் அது. ஐரோப்பியரைப் போல உடுத்த வேண்டும், தாடியை மழிக்க வேண்டும் என்று உத்தரவிட்டவர், ஐரோப்பியரைப் போல உண்டு குடிக்கவும் உத்தரவிட்டார். 1718இல் ஆணும் பெண்ணும் கலந்து உட்காரும் மாலை விருந்துகளைக் கட்டாயமாக்கினார். விதியை மீறியவர் 'பெரிய கழுகு' என்ற ராட்சதக் கோப்பையை முழுக்கக் குடித்துத் தீர்க்க வேண்டும். ரஷ்யரிடம் அதற்கு முன்பே பால் பொருட்கள் ஏராளம். ஆனால் அவர்களுடையது த்வோரக். புளித்த பாலைச் சுடவைத்து வடித்தெடுக்கும் வெள்ளைக் கட்டி அது. கிட்டத்தட்ட நம் பனீர். மாதக்கணக்கில் நிலவறையில் முதிரும், நாறும், பூஞ்சை பிடிக்கும் சீஸ் மேற்கிலிருந்து கப்பலில் வந்த சங்கதி. வைனும் அப்படித்தான். ஹங்கேரியின் டோக்காய் வைனை வாங்குவதற்கென்றே 18ஆம் நூற்றாண்டில் ரஷ்ய அரசு அங்கே ஓர் ஆணையத்தை வைத்திருந்தது. ஆக, இந்த ஊரில் வைனும் சீஸும் ரசனையாக வருவதற்கு முன்பே அரசாணையாக வந்துவிட்டன.

நூறாண்டு கழித்து அது ரசனையாகவும் ஆகிவிட்டது என்பதற்குப் புஷ்கின் சாட்சி. 'யெவ்கேனி ஒனேகின்' முதல் அத்தியாயத்தில் நாயகன் பனிவண்டியில் பாய்ந்து தலோன் உணவகத்துக்குப் போகிறான். தலோன் நிஜமான ஆள். நெவ்ஸ்கி சாலையில் கடை வைத்திருந்த பிரெஞ்சுக்காரர். மேசையில் வால்நட்சத்திர வைன், ரத்தம் சொட்டும் மாட்டிறைச்சி, டிரஃபிள் காளான், ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து வந்த வாத்து ஈரல் பை, லிம்பர்க் சீஸ், அன்னாசிப்பழம். இந்தப் பட்டியலில் ரஷ்ய மண்ணில் விளைந்தது அநேகமாக ஒன்றுமில்லை. அன்னாசியைக் கண்ணாடி வீட்டுக்குள் வளர்த்தவர்கள் இருந்தார்கள். பொந்தியான் பக்கம் சாலையோரம் குவித்து விற்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, பனியில் ஒரு கனவான் அன்னாசியைப் பார்த்துப் பெருமூச்சு விடும் காட்சி சிரிப்பாகத்தான் இருந்தது.

ஆனால் இதை எழுதும்போது புஷ்கின் பீட்டர்ஸ்பர்க்கில் இல்லை. அரசைச் சீண்டிய கவிதைகளுக்காக 1820இல் தலைநகரைவிட்டுத் தெற்கே அனுப்பப்பட்டார். இந்தக் காவியத்தைத் தொடங்கியது 1823இல், கிஷினேவில். வர முடியாத ஊரின் உணவகப் பட்டியலை ஒருவர் வரிவரியாக நினைவிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறார். வெளிநாட்டில் படிக்கப் போன பிள்ளைகள் இரவு பன்னிரண்டு மணிக்கு நாசி லெமாக் படத்தை முகநூலில் போடுவார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பத்திதான் ஞாபகம் வருகிறது. அத்தியாயம் 1825இல் அச்சேறியது. அதே ஆண்டு தலோன் கடையை வேறொருவரிடம் விட்டுவிட்டார். காகிதத்தில் ஏறிய நேரத்தில் அந்த மேசையே இல்லை.

அந்த வால்நட்சத்திர வைனுக்கும் ஒரு கதை உண்டு. 1811இல் ஐரோப்பிய வானத்தில் மாதக்கணக்கில் ஒரு பெரிய வால்நட்சத்திரம் தெரிந்தது. அந்த ஆண்டு திராட்சை அபாரமாக விளைந்தது. அடுத்த ஆண்டே நெப்போலியன் ரஷ்யாவுக்குள் படையோடு புகுந்தான். பிரெஞ்சுச் சரக்குக்கு ரஷ்யத் துறைமுகங்கள் மூடிக்கிடந்தன. ரைம்ஸ் நகரத்தில் இளவயதிலேயே கணவனை இழந்து ஷாம்பெய்ன் நிறுவனத்தைத் தனியாக நடத்திவந்த திருமதி கிளிக்கோ, 1814இல் போர் ஓய்ந்ததும் போட்டியாளர்களுக்குத் தெரியாமல் 10,550 பாட்டில்களைக் கப்பலேற்றினார். சரக்கு பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் துறைமுகத்தில் இறங்கியதுமே விலையைப் பாராமல் மொய்த்தார்கள். அடுத்த சரக்கு நேராகப் பீட்டர்ஸ்பர்க்குக்கே போனது. நாட்டை எரித்துவிட்டுப் போனவன் ஊர்ச் சரக்கை இரண்டே வருஷத்தில் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறார்கள். அந்த நாளில் ரஷ்யருக்கு அனுப்பிய ஷாம்பெய்னில் லிட்டருக்கு 250 முதல் 300 கிராம் வரை சர்க்கரை இருந்ததாம். நம் ஊர் தே தாரிக்கைப் பழிப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

இன்னொரு பாட்டில் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் அலெக்சாண்டருக்காக 1876இல் லூயி ரோடரேர் நிறுவனம் 'கிறிஸ்டல்' என்ற ஷாம்பெய்னைத் தயாரித்தது. மற்ற பாட்டில்கள் கரும்பச்சை. இது நிறமற்ற கண்ணாடி. மற்றவற்றில் அடிப்பாகம் உள்குழிந்திருக்கும், இது தட்டை. குழிக்குள் வெடிகுண்டு ஒளித்துவைக்க முடியாதபடி ஜார் கேட்டுக்கொண்டார் என்பது அந்த நிறுவனத்தோடு சேர்ந்தே சொல்லப்படும் கதை. உண்மையோ பொய்யோ, பயம் நிஜம். 1881 மார்ச்சில் குண்டு வந்தது. மேசை மேல் அல்ல, கால்வாய் ஓரத்தில். அந்த இடத்தில்தான் இப்போது சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கும் வண்ண வண்ணக் கும்மட்டத் தேவாலயம் நிற்கிறது.

நெவ்ஸ்கி சாலை 56ஆம் எண் கட்டடத்துக்கு வருகிறேன். எலிசேயெவ் கடை. சித்தி மகள் என்னை முதல் நாளே அங்கே இழுத்துப் போனாள். "அண்ணே, இது கடையா கோயிலான்னு நீங்களே சொல்லுங்க." உண்மையில் கோயில் மண்டபத்தில் நுழைந்த மாதிரிதான் இருந்தது. ஆளுயரத்துக்கும் பல மடங்கு உயர்ந்த ஜன்னல்கள், தங்கப்பூச்சு, கூடத்தின் நடுவே அடிப்பாகம் அன்னாசிப்பழம் போலப் பருத்த ஒரு பெரிய பனைச்செடி, சுற்றிலும் கண்ணாடிப் பெட்டிகளில் கேவியரும் சீஸும் கேக்கும். ஒரு சின்னத் துண்டு சீஸ் விலையைப் பார்த்துவிட்டு இருவரும் வெளியே வந்து ஜன்னல் பொம்மைகளைப் படமெடுத்தோம்.

இந்தக் கடையின் மூலவர் ஓர் அடிமை. பியோத்தர் எலிசேயெவ், ஷெரெமேத்தெவ் பிரபுவின் பண்ணையில் தோட்டக்காரர். கிறிஸ்துமஸ் விருந்தில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கையில், தட்டு நிறைய புது ஸ்ட்ராபெரி கொண்டுவந்து வைத்தாராம். மகிழ்ந்துபோன பிரபு என்ன வேண்டும் என்று கேட்க, விடுதலை வேண்டும் என்றாராம். இது குடும்பக் கதை, சர்க்கரை கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். 1813இல் அவர் பீட்டர்ஸ்பர்க் வந்து, தலையில் தட்டு வைத்து ஆரஞ்சு விற்று, பின் நெவ்ஸ்கியில் சின்னக் கடை போட்டார். மகன்கள் காலத்தில் எலிசேயெவ் சகோதரர்கள் பிரான்சிலும் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் பீப்பாய் பீப்பாயாக வைன் வாங்கி, வசிலியெவ்ஸ்கி தீவில் நிலவறைகளில் முதிரவைத்து விற்கும் அளவுக்கு வளர்ந்தார்கள். இந்தப் பெரிய கட்டடம் 1903இல் முடிந்தது. வடிவமைத்தவர் கவ்ரீல் பரனோவ்ஸ்கி.

ரஷ்யாவில் பண்ணை அடிமை முறை ஒழிந்தது 1861இல். அதுவரை பிரபுக்களின் மேசைக்கு லிம்பர்க்கும் டோக்காயும் வந்த பணம் அடிமைகளின் உழைப்பு. அந்தப் பணத்தை வாங்கிக் கல்லாவில் போட்டவர் முன்னாள் அடிமையின் மகன்கள். இதை வெற்றிக் கதையாகச் சொல்வார்கள். சொல்லலாம்தான். ஆனால் ஸ்ட்ராபெரி விளைவிக்கத் தெரியாத மற்ற தோட்டக்காரர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு.

அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவர் ஆசியப் பக்கம் வந்தார். கடை கட்டிய கிரிகோரியின் மகன் செர்கேய், தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் ஜப்பானிய இலக்கியம் படித்து 1912இல் பட்டம் வாங்கினார். அங்கே நாத்சுமே சோசெகியின் வட்டத்தில் பழகினார். புரட்சிக்குப் பின் சில காலம் சிறை. 1920இல் குடும்பத்தோடு படகில் பின்லாந்துக்குத் தப்பினார். கடைசியில் ஹார்வர்டில் கிழக்காசியக் கல்வியை நிறுவியவர்களில் ஒருவரானார். அப்பா வைன் இறக்குமதி, மகன் ஹைக்கூ. கடை சோவியத் காலத்தில் 'கஸ்த்ரனோம் எண் 1' ஆனது. மக்கள் எலிசேயெவ் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ரஷ்யாவிலேயே சீஸ் செய்யலாம் என்று கிளம்பியவர் கதை இதைவிட எனக்குப் பிடித்தது. நிக்கலாய் வெரெஷாகின் கடற்படை அதிகாரியாக இருந்தவர். அடிமைக் குடும்பத்தில் பிறந்த தத்யானாவை மணந்தார். 1865இல் இருவரும் சுவிட்சர்லாந்து போய், மலைக்கிராமத்தில் தங்கிச் சீஸ் காய்ச்சக் கற்றார்கள். மறு ஆண்டு திரும்பி, த்வேர் மாகாணத்தில் அத்ரக்கோவிச்சி கிராமத்தில் விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் சீஸ் கூட்டுறவைத் தொடங்கினார். பணம் தந்தது பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த சுதந்திரப் பொருளாதாரச் சங்கம். தந்த பணம் ஒழுங்காகச் செலவாகிறதா என்று பார்த்துவரச் சங்கம் அனுப்பியவர்களில் ஒருவர் வேதியியலாளர் மெந்தலேயெவ். தனிம அட்டவணை உருவான காலத்தை ஒட்டி அவர் கிராமம் கிராமமாகப் போய்ச் சீஸைச் சுவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை என் வேதியியல் ஆசிரியை சொல்லியிருந்தால் நான் அந்தப் பாடத்தில் தேறியிருப்பேன்.

நிக்கலாயின் தம்பிதான் ஓவியர் வசீலி வெரெஷாகின். இந்தியாவுக்கு இருமுறை வந்தவர். 1857 கிளர்ச்சிக்காரர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுடும் அந்தக் கொடூரமான ஓவியத்தைத் தீட்டியவர் அவர்தான். ஒரு வீட்டில் ஒருவர் சாம்ராஜ்ஜியங்களின் பிணங்களை வரைந்தார், இன்னொருவர் விவசாயி கையில் நாலு காசு நிற்க வேண்டும் என்று பால் காய்ச்சினார். அண்ணன் எதிமோனவாவில் 1871இல் தொடங்கிய பால்பண்ணைப் பள்ளியில் நூற்றுக்கணக்கானோர் கற்றார்கள். அவர் கண்டுபிடித்த வெண்ணெய்தான் இன்று 'வலக்தா வெண்ணெய்' என்று விற்கிறது. அவரோ நிலத்தை அடமானம் வைத்து, கடன்பட்டு, 1907இல் இறந்தார்.

1914இல் போர் மூண்டதும் ஜார் மதுவைத் தடை செய்தார். வழக்கம்போல் தடை ஏழைக்கு மட்டும் முழுசாக இருந்தது. முதல்தர உணவகங்களில் தேநீர்ப் பாத்திரத்தில் வோட்கா ஊற்றிக் கொடுத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து, 1917 அக்டோபரில், போல்ஷெவிக்குகள் குளிர்கால அரண்மனையைப் பிடித்தபோது அதன் அடியில் இருந்த ஜாரின் வைன் நிலவறையும் கைக்கு வந்தது. அடுத்தடுத்த வாரங்களில் நடந்ததைப் புரட்சிக்குழுவின் அந்தோனொவ்-அவ்சேயென்கோ தன் நினைவுக்குறிப்பில் நொந்துபோய் எழுதியிருக்கிறார். காவலுக்குப் போட்ட படைப்பிரிவு குடித்துச் சாய்ந்தது. அடுத்த பிரிவை அனுப்பினார்கள், அதுவும் சாய்ந்தது. கதவைச் சுவர் வைத்து அடைத்தால் ஜன்னலை உடைத்தார்கள். தீயணைப்புப் படையை வரவழைத்து நிலவறையை நீரால் நிரப்பச் சொன்னார்கள், அவர்களும் குடித்தார்கள். ஊர் முழுக்க நிலவறைகள் சூறையாடப்பட்டன. கடைசியில் பாட்டில்களை உடைத்து வைனைச் சாக்கடையில் விட்டார்கள். அது நேவா ஆற்றை நோக்கி ஓடியது.

இதை எழுதுகிற வரலாற்றாசிரியர்கள் பலரும் அந்தச் சிப்பாய்களைப் பார்த்து ஒரு மாதிரி சிரிப்பார்கள். தலைமுறை தலைமுறையாகக் கீழே நின்று தட்டை மட்டும் தூக்கியவன் முதல்முறை நிலவறைக்குள் இறங்குகிறான். அவன் அளவோடு சுவைத்து, வாசனை பார்த்து, வருஷம் கேட்டுக் குடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்து முற்றுகை. 1941 செப்டம்பர் 8 அன்று நாஜிப் படை லெனின்கிராதைச் சூழ்ந்தது. அன்றே படாயெவ் உணவுக் கிடங்குகள் குண்டுவீச்சில் எரிந்தன. சர்க்கரை உருகி மண்ணில் இறங்கியது. நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை தொழிலாளர் அல்லாதவருக்கு ஒரு நாளைக்கு 125 கிராம் ரொட்டி. அந்த ரொட்டியிலும் முழுக்க மாவு இல்லை. ஜனங்கள் தச்சர் பசையைக் காய்ச்சிக் குடித்தார்கள், தோல் வார்களை வேகவைத்தார்கள். படாயெவ் கிடங்கு மண்ணைத் தோண்டிவந்து தண்ணீரில் கரைத்து, தெளியவைத்து, அந்த இனிப்பு நீரைக் குடித்தார்கள். அந்த மண் சந்தையில் விலைக்கும் விற்றது. அதாமோவிச்சும் கிரானினும் தப்பியவர்களிடம் பேசித் தொகுத்த முற்றுகைப் புத்தகத்தில் ஒருவர், அந்தக் கறுப்பு மண்ணின் சுவை கொழுத்த த்வோரக் போல இன்னமும் நாக்கில் இருப்பதாக நினைவுகூர்கிறார்.

அதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே நடக்கப் போனேன். பாலாடைக்கட்டி என்ற சொல் எனக்கு அதற்குப் பிறகு பழைய மாதிரி இல்லை.

ஐசக் தேவாலயச் சதுக்கத்தில் வவீலோவ் விதை நிறுவனம் இருக்கிறது. முற்றுகையின்போது அங்கே உலகெங்கும் திரட்டிய நெல், கோதுமை, வேர்க்கடலை விதைகள் இருந்தன. அவற்றைக் காத்த விஞ்ஞானிகள் அதிலிருந்து தின்னாமல் பட்டினியில் செத்தார்கள். நெல் பிரிவைப் பார்த்துக்கொண்ட திமீத்ரி இவானொவ் ஆயிரக்கணக்கான நெல் பொட்டலங்களுக்கு நடுவே இறந்தார். நிறுவனத்தின் தலைவர் வவீலோவ் ஸ்டாலினின் சிறையில், சரத்தோவில், 1943 ஜனவரியில் செத்தார். அவருக்கும் சாப்பாடு இல்லை. நாங்கள் அந்தக் கட்டடத்தைத் தாண்டித்தான் தினமும் பசியாறப் போனோம். வாசலில் கூட்டம் எதுவும் இல்லை.

சோவியத் காலத்து உணவகங்களைப் பற்றி நிறைய எழுதலாம், எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. பொதுச் சாப்பாட்டுக்கூடம், அலுமினியக் கரண்டி, முட்டைக்கோஸ் வாசனை. ஆனால் இரண்டைச் சொல்ல வேண்டும். 1936இல் அரசு, 'சோவியத் ஷாம்பெய்ன்' எல்லாருக்கும் கிடைக்க வேண்டும் என்று தீர்மானித்தது. ஃப்ரலோவ்-பக்ரேயெவ் என்ற வைன் நிபுணர், பாட்டிலுக்குள் வருஷக்கணக்கில் நொதிக்கவைப்பதை விட்டுவிட்டு, பெரிய தொட்டியில் சில வாரங்களில் முடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். பட்டினியும் கைதுகளும் நடந்த அதே பத்தாண்டில் புத்தாண்டு மேசைக்குக் குமிழ் விடும் பாட்டில் வந்தது. கிண்டல் செய்வது சுலபம். ஆனால் ஜார் குடித்ததைத் தொழிலாளியும் குடிக்கட்டும் என்ற அந்த எண்ணத்தை என்னால் முழுசாக வெறுக்க முடியவில்லை.

இரண்டாவது, 'சைகோன்'. நெவ்ஸ்கியும் விளதீமிர்ஸ்கியும் சேரும் மூலையில் 1964இல் திறந்த காபிக்கடை. பெயர்ப்பலகையில் அப்படி ஒரு பெயரே கிடையாது. உள்ளே புகைபிடித்த பெண்களைப் பார்த்து ஒரு போலீஸ்காரர், இதென்ன சைகோனா என்று திட்டினார், அது ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். அமெரிக்கக் குண்டுகள் வியட்நாமில் விழுந்துகொண்டிருந்த காலத்தில், லெனின்கிராதின் பதிப்பிக்கப்படாத கவிஞர்கள் சைகோனில் நின்றபடி கரிய காபி குடித்தார்கள். பிராட்ஸ்கி வந்திருக்கிறார், தவ்லாத்தவ் வந்திருக்கிறார், ராக் பாடகர்கள் வந்திருக்கிறார்கள். உளவுத்துறை ஆட்களும் வந்தார்கள், அவர்களுக்கும் காபி நன்றாக இருந்திருக்கும். காசு தீர்ந்தால் மலிவான 'போர்ட்வெய்ன்' ஒரு பாட்டில், 'த்ருஷ்பா' என்ற வெள்ளித்தாள் சுற்றிய பதப்படுத்திய சீஸ் ஒன்று, ஏதாவது மாடிப்படிக்கட்டு. வைனும் சீஸும் என்ற நாகரிகத்தின் லெனின்கிராத் பதிப்பு அதுதான். த்ருஷ்பா என்றால் நட்பு. தலோன் மேசையைவிட அந்தப் படிக்கட்டில்தான் நல்ல கவிதைகள் அதிகம் வாசிக்கப்பட்டிருக்கும் என்று நான் நம்புகிறேன். கடை 1989இல் மூடப்பட்டது.

நாங்கள் போனபோது அங்கிருந்து சில நிமிட நடையில் இருக்கும் ரூபின்ஷ்டைன் தெரு முழுக்க உணவகம். வைன் பார், சிப்பி பார், ஜார்ஜிய உணவகம். 23ஆம் எண் வீட்டில்தான் தவ்லாத்தவ் வாழ்ந்தார். வாசலில் அவருக்கு ஒரு வெண்கலச் சிலை, சுற்றிலும் மதுக்கிண்ணங்களோடு இளைஞர்கள். முதல் இரவு ஜார்ஜிய உணவகத்தில் ஹச்சாப்பூரி சாப்பிட்டோம். சூடான ரொட்டிக்குள் சுலுகூனி சீஸ் நூல்நூலாக இழுபட்டது. "ரொட்டி சானாய் சீஸோட பெரியம்மா" என்றாள் தங்கச்சி. பக்கத்து மேசையில் ஜார்ஜிய வைன். அந்த வைனையும் ரஷ்ய அரசு 2006இல் தடைசெய்து 2013இல்தான் திறந்துவிட்டது. இந்த ஊரில் யாருடன் சண்டை, யாருடன் சமாதானம் என்று தெரிந்துகொள்ள வைன் பட்டியலைப் பார்த்தாலே போதும். ஷாம்பெய்ன் பிரான்சின் ஒரு வட்டாரத்தின் பெயர். அந்தச் சொல்லை ரஷ்ய எழுத்தில் ரஷ்யப் பாட்டில் மீது மட்டுமே போடலாம், பிரான்சிலிருந்து வருவது வெறும் 'குமிழ் வைன்' என்று 2021இல் சட்டமே போட்டார்கள்.

சீஸுக்கு வந்த தடை இன்னும் பெரியது. கிரிமியாவை ரஷ்யா இணைத்துக்கொண்டதற்காக மேற்கு நாடுகள் தடைவிதிக்க, 2014 ஆகஸ்டில் ரஷ்யா பதிலுக்கு அவர்களுடைய இறைச்சி, பால், சீஸ், காய்கனிகளை நிறுத்தியது. பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பின்லாந்து எல்லை சில மணி நேரம்தான். வாரக் கடைசியில் காரையோ பேருந்தையோ பிடித்து லப்பேன்ராந்தா போய், சொந்தத் தேவைக்கு அனுமதித்த அளவுக்குப் பின்னிஷ் சீஸ் வாங்கிவருவது ஊர் வழக்கமாயிற்று. ஜொகூர்க்காரர்களும் சிங்கப்பூர்க்காரர்களும் பாலம் தாண்டிச் சாமான் வாங்கும் அதே மும்முரம். 2023 இறுதியில் பின்லாந்து எல்லையை அடைத்ததோடு அதுவும் போனது.

2015 ஆகஸ்ட் 6 முதல், தடையை மீறி வந்த உணவை அழிக்க உத்தரவு. பெல்கரோத்தில் ஒன்பது டன் சீஸைத் தரையில் கொட்டி, கனரக வண்டி ஏற்றி நசுக்கினார்கள். அரசுத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஏழைகளுக்காவது கொடுங்கள் என்று லட்சக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். பாட்டி ரொட்டித் துகளைக்கூட உள்ளங்கையில் கூட்டியெடுத்து வாயில் போட்டதைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரர்களுக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும்?

வெளிச் சீஸ் நின்றதும் உள்ளூர்ச் சீஸ் பெருகியது. அதில் நல்ல கைகளும் உண்டு, வெரெஷாகினின் வாரிசுகள் என்று சொல்லத்தக்கவர்கள். ஆனால் பால் போதவில்லை. கடைசி நாள் இரவு, ரயிலுக்குத் தின்ன ஏதாவது வாங்க ஒரு பேரங்காடிக்குப் போனோம். மஞ்சள் கட்டிகள் இரண்டு தட்டுகளில் தனித்தனியாக இருந்தன. இரண்டாவதில் விலை பாதிதான். நான் அதை எடுத்தேன்.

"அண்ணே, அது சீஸ் இல்ல. வைங்க."

"பின்ன என்ன?"

"சீஸ் மாதிரி ஒரு சாமான். பால் கொழுப்புக்குப் பதிலா வேற கொழுப்பு போட்டிருக்கு. ஜூலைலருந்து ரெண்டையும் கலந்து வைக்கக்கூடாதுன்னு சட்டம். இந்தா பாருங்க, பால்மவயே மாஸ்லா."

"அப்படின்னா?"

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "பாம் ஆயிலு. நம்மூரு சாமான்தான்."

மலேசியாவில் செம்பனையை முதன்முதலில் வணிகமாக நட்டது 1917இல், கோல சிலாங்கூர்ப் பக்கம் தென்னைமரம் தோட்டத்தில். ஆங்கிலத்திலும் அதன் பெயர் தென்னைமரம்தான். நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். கொன்யாக் வட்டாரத்து ஆள், திராட்சை மது ஊரிலிருந்து வந்தவர். பின்னாளில் மலாயாவைப் பற்றி நாவல் எழுதி 1930இல் கொன்கூர் பரிசு வாங்கினார். பெத்ரோகிராதில் ஜாரின் வைன் சாக்கடையில் ஓடிய அதே ஆண்டு, இங்கே தமிழ்க் கூலிகள் அந்த முதல் தோட்டத்தில் வேலைசெய்துகொண்டிருந்தார்கள். எங்கள் பாட்டி அதே வட்டாரத்தில் வேறொரு எஸ்டேட்டில், பால்மரத்தை வெட்டிச் செம்பனை வைத்த பிறகு, குலை வெட்டியபின் கீழே சிதறும் உதிரிப்பழம் பொறுக்கினார். குனிந்து குனிந்து முதுகு நிமிரவே இல்லை. அவர் வாழ்நாளில் சீஸ் தின்றதில்லை. ஒருமுறை வாங்கிக் கொடுத்தேன், சோப்புக் கட்டி மாதிரி இருக்கு என்று துப்பிவிட்டார்.

ரஷ்யா வாங்கும் செம்பனை எண்ணெயில் பெரும்பகுதி இந்தோனேசியாவிலிருந்து போகிறது. எங்கள் தோட்டத்து எண்ணெய்தான் அந்தக் கட்டியில் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அதை வாங்கிவிட்டேன். தங்கச்சி தலையில் அடித்துக்கொண்டாள்.

ரயிலில் கறுப்பு ரொட்டியில் வைத்துத் தின்றோம். பல்லில் ஒட்டியது. வாசனை என்று ஒன்றுமில்லை.

"எப்படி இருக்கு அண்ணே?"

"மாமாக் கடை சீஸ் மாதிரியே இருக்கு."

அவள் இன்னொரு துண்டு வெட்டித் தந்தாள். நான் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எண்ணெய் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று எங்கும் போடவில்லை.